ரோபோ கொடிபறிப்புப் போட்டி: ஏற்பாட்டாளர்கள் சறுக்கும் இடங்கள்

எதிரணிப் பாதிக்குள் போய் அவர்கள் கொடியைப் பறித்துவரும் ஆட்டம் கொடிபறிப்பு. மைதானத்தில் பிள்ளைகள் ஆடும்போது அது பாதி மனசாட்சியை நம்பி நடக்கிறது. தொட்டால் தொடப்பட்டவனே "அவுட்" என்று ஒத்துக்கொள்வான். ஒத்துக்கொள்ளாவிட்டால் கூச்சல் போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். ரோபோவுக்கு இரண்டும் கிடையாது. அதே விதிகளை அப்படியே தட்டச்சு செய்து அணிகளுக்கு அனுப்புவதுதான் முதல் தவறு.

"தொடுதல்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரோபோக்கள் மோதுகின்றன. யார் யாரைப் பிடித்தது? எல்லைக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பாதியில் இருக்கும் ரோபோதான் பிடிபடும் என்று எழுதுங்கள். தாண்டுவது என்றால் மோட்டார் பூட்டிய இரு சக்கரங்களும் கோட்டைக் கடப்பது என்றும் சேர்த்து எழுதுங்கள். இதற்குப் பிறகும் கண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ரோபோவின் பின்புறத்திலும் ஒரே உயரத்தில் ஒரு லிமிட் ஸ்விட்ச் (முட்டினால் அமுங்கும் சிறு ஸ்விட்ச்), ஒரு சிவப்பு எல்ஈடி விளக்கு. ஸ்விட்ச் அமுங்கினால் 5 விநாடி விளக்கு எரியும், மோட்டார் நிற்கும். சுவரில் தானே முட்டிக்கொண்டாலும் தண்டனை உண்டு. அது ஓட்டுபவர் பாடு.

அணிக்கு இரண்டு ரோபோ வைத்தால் அடுத்த சிக்கல் வரும். இரண்டையும் தன் கொடிக்கு முன்னால் நிறுத்திவிட்டு 3 நிமிடமும் காவல் காப்பார்கள். எதிரணியும் அதையே செய்யும். கொடியைச் சுற்றி 40 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, சொந்த அணி ரோபோ அதற்குள் தொடர்ந்து 5 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று தடை போடுங்கள். கொடி யாரிடமும் போகாமல் ஆட்டம் முடிந்தால், எதிர்ப்பாதிக்குள் அதிக தூரம் போன அணிக்கு வெற்றி. இந்த ஒரு வரி இருந்தாலே ஆட்டம் நகரும்.

கொடியின் அளவை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவது வழக்கமான அலட்சியம். ரோபோவின் கையைத் தூக்க மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவது எஸ்ஜி90 சர்வோ என்ற சிறு மோட்டார். 4.8 வோல்ட்டில் அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 1.8 கிலோ-செ.மீ., அதாவது அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 1.8 கிலோ. 10 செ.மீ. கை பூட்டினால் கணக்குப்படி 180 கிராம்தான் தாங்கும், அதுவும் மோட்டார் திணறி நிற்கும் எல்லையில். 150 கிராமில் அழகான மரக்கொடி செய்து வைத்தால் பாதி அணிகளால் தூக்கவே முடியாது. 60 கிராமுக்குள் நிறுத்துங்கள். துணி வேண்டாம், சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்; ஃபோம் ஷீட் போதும். தண்டின் விட்டம், உயரம், அடித்தட்டின் அளவு எல்லாம் போட்ட வரைபடம் விதிகளோடு சேர்ந்தே போக வேண்டும். குறைந்தது நான்கு மாற்றுக்கொடி கையிருப்பில் இருக்கட்டும்.

போட்டி நாளைக் கெடுக்கும் பெரிய எதிரி வானலை. ரோபோவைப் போனோடு இணைக்கும் ஹெச்.சி-05 (HC-05) புளூடூத் மாட்யூல் எல்லாமே "HC-05" என்ற பெயரோடும், பெரும்பாலும் 1234 என்ற கடவுச்சொல்லோடும்தான் வருகின்றன. இருபது அணி கூடிய அரங்கில் மாணவர் போனைத் திறந்தால் ஒரே பெயர் வரிசையாக நிற்கும். எது தன் ரோபோ என்று யாருக்குத் தெரியும்? அணி எண்ணைப் பெயராக மாற்றாத ரோபோ பரிசோதனை மேசையைத் தாண்டக் கூடாது. என்ஆர்எஃப்24 என்ற ரேடியோ மாட்யூல் வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதை இயக்கும் ஆயத்த நிரல்தொகுப்பான ஆர்எஃப்24 லைப்ரரி தானாக எடுத்துக்கொள்ளும் சேனல் 76. மாதிரி நிரலை அப்படியே நகலெடுத்தவர்களுக்கு முகவரியும் ஒன்றாகவே இருக்கும். ஒருவர் ரிமோட்டைத் திருப்ப, எதிரணி ரோபோ திரும்பும்! பதிவு செய்யும்போதே ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு தனி முகவரி கொடுங்கள். ஒரே ஆட்டத்தில் மோதும் நான்கு ரோபோக்களுக்கும் குறைந்தது 5 இடைவெளி விட்டு சேனல் ஒதுக்குங்கள், எல்லாம் 83-க்குள். சேனல் 83 என்றால் 2.483 கிகாஹெர்ட்ஸ்; இந்தியாவில் உரிமம் தேவைப்படாத அலைவரிசை 2.4835 கிகாஹெர்ட்ஸோடு முடிகிறது. ஆடாத அணிகளின் ரிமோட்டுகள் அணைத்த நிலையில் நடுவர் மேசையில் இருக்க வேண்டும். பார்வையாளர்களின் ஹாட்ஸ்பாட்டையும் அணைக்கச் சொல்லுங்கள், கேட்பவர்கள் கேட்கட்டும்.

தரைக்கு 8-க்கு 4 அடி பிளைவுட் நான்கு போதும். சேர்த்தால் 16-க்கு 8 அடி. இணைப்பில் 2 மி.மீ. மேடு இருந்தாலும் ரோபோவைத் தாங்கி உருளும் காஸ்டர் பந்து அதில் மாட்டும். மேலே டேப் ஒட்டி மறைக்காமல் அடியில் ரீப்பர் கட்டை அடித்துச் சமப்படுத்துங்கள். தானியங்கி ரோபோ உண்டென்றால் பளபளக்கும் ஃபிளெக்ஸ் பேனரைத் தரையாக்காதீர்கள். விளக்கொளி அதில் பட்டுத் தெறித்து அகச்சிவப்பு சென்சாரைக் குழப்பும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில மைகள் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. அச்சடிக்கும் முன் ஒரு துண்டில் சென்சாரை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஜன்னல் வெயில் களத்தில் விழக் கூடாது. காலை பத்து மணிக்கு மட்டும் பார்த்தால் போதாது, மூன்று மணிக்கும் பாருங்கள்.

"சிக்னல் போய்விட்டது, மறு ஆட்டம் வேண்டும்" என்ற புகாரில் பல, உண்மையில் பேட்டரிப் புகார். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் டிரைவர் பலகையே சுமார் 2 வோல்ட்டை விழுங்கும். 9 வோல்ட் சதுர பேட்டரியால் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் தர முடியாது. மின்னழுத்தம் சரிந்து, ரோபோவின் மூளையான ஆர்டுயினோ பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தொடர்பு அறுந்தாலும் ஆட்டம் தொடரும் என்று விதியிலேயே இருக்கட்டும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சார்ஜ் செய்வதற்குத் தனி மேசை, ஒரு பொறுப்பாளர், ஒரு வாளி மணல் வேண்டும். உப்பிய பேட்டரியோ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியோ அந்த மேசைக்கு வரவே கூடாது.

நேரக்கணக்கில் எல்லோரும் ஏமாறுவார்கள். 16 அணி என்றால் நான்கு பிரிவு, பிரிவுக்கு 6 ஆட்டம், ஆக 24. காலிறுதியிலிருந்து இறுதிவரை 7. மொத்தம் 31. ஆட்டம் 3 நிமிடம்தானே, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தலைமை விருந்தினரைப் பன்னிரண்டு மணிக்கு அழைத்துவிடுவார்கள். ரோபோவை வைக்க, சேனல் சரிபார்க்க, கொடியை நிமிர்த்த, புள்ளியில் கையெழுத்து வாங்க என்று ஓர் ஆட்டத்துக்கு 8 நிமிடம் போகும். அப்படியானால் 248 நிமிடம், நான்கு மணி நேரத்துக்கும் மேல். காலை பத்துக்குத் தொடங்கினால் விருந்தினர் மூன்று மணிக்கு வந்தால் போதும்.