கான்ஃபரன்ஸ் மேடை ஏறப் போகும் கொங்கு நாட்டு வெப் டெவலப்பருக்கு

முதலில் பேச்சின் பொருளைக் குறுக்கிக்கொள்ளுங்கள். "ரியாக்ட்: ஓர் அறிமுகம்", "வேகமான வெப்சைட் செய்வது எப்படி" என்ற மாதிரி விண்ணப்பங்கள் எந்தத் தேர்வுக் குழுவிடமும் நிறையவே கிடக்கும். அதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டுக்கு உற்பத்திக் கணக்கு ஏற்றும் வெப் ஆப் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். லைன் சூப்பர்வைசர் கையிலிருக்கும் 2 ஜிபி ரேம் போனில் அது திறக்க 11 விநாடி ஆனது. நீங்கள் 4 விநாடிக்கு இறக்கினீர்கள். அந்த 7 விநாடி எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் உங்கள் பேச்சு. எந்த போன், எந்த நெட்வொர்க், எத்தனை முறை அளந்தீர்கள் என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் குடோனுக்குள் சிக்னல் நிற்காத இடத்தில் மூட்டைக் கணக்கு பதிகிற படிவமும் அப்படித்தான். தரவை இன்டெக்ஸ்டு டிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம்) வைத்து, நெட் வந்ததும் அனுப்ப வேண்டும். நெட் வந்ததும் பிரவுசரே பின்னணியில் அனுப்பிவைக்கும் பேக்ரவுண்ட் சிங்க், குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வகை பிரவுசர்களில்தான் வேலை செய்யும். ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் கிடையாது. அங்கே என்ன மாற்று வைத்தீர்கள் என்பதைக் கேட்கவே ஆட்கள் உட்காருவார்கள்.

தமிழையே எடுத்துக்கொண்டாலும் விஷயம் கொட்டிக் கிடக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் "கோவை" என்ற சரத்தின் லெங்த், அதாவது நீளம், 4. படிப்பவர் கண்ணுக்கு 2 எழுத்து. ஓகாரக் குறியை ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாக உள்ளிட்டிருந்தால் அதே சொல் 5 ஆகிவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் ஊர் கிடைக்காது. நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றினால், இரண்டும் ஒன்றாகும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்த்துக்கொண்ட பிறகு முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. 5 நிமிடக் குறும்பேச்சுக்கு (லைட்னிங் டாக்) இது ஒன்றே போதும்.

விண்ணப்பம்

பேச்சுச் சுருக்கத்தில் முதல் மூன்று வரி சிக்கலைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்ன முயன்றீர்கள், எது பலிக்கவில்லை, கடைசியில் அளவு எவ்வளவு மாறியது. அடியில் நிமிடக் கணக்கு: சிக்கல் 3, அளந்த விதம் 5, மாற்றங்கள் 9, இன்னும் தீராதது 3, மீதி கேள்விக்கு. இந்தக் கணக்கை எழுதியவர் பேச்சை ஏற்கனவே யோசித்துவிட்டார் என்று குழுவுக்குப் புரியும். சில கான்ஃபரன்ஸ்களில் முதல் சுற்றில் பேசுபவர் பெயரை மறைத்துத்தான் படிப்பார்கள். அதனால் உங்கள் பெயரும் கம்பெனி பெயரும் சுருக்கத்துக்குள் வர வேண்டாம். அவற்றுக்கென்று தனிக் கட்டம் இருக்கும்.

கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ஏஓஇ என்று போட்டிருந்தால் பூமியில் எந்த மூலையிலும் அந்தத் தேதி முடியும் வரை என்று பொருள். இந்திய நேரத்தில் அது மறுநாள் மாலை 5.29. போடாவிட்டால் அமைப்பாளர் ஊரின் நேரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விண்ணப்பத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு இடிக்கிற இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்க, படிவமோ "கடைசிப் பெயர்" கட்டாயம் என்று நிற்கும். எதையாவது நிரப்பிவிட்டுப் போங்கள். ஆனால் விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். கடிதம் தப்பாக வந்த பிறகு திருத்தி வாங்குவதற்குள் அப்பாயின்ட்மென்ட் தேதி போய்விடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது.

அலுவலக அனுமதியை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. திருப்பூர், கரூர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: ஸ்கிரீன்ஷாட்டில் பையர் (வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) பெயர், ஸ்டைல் நம்பர், பீஸ் விலை எதுவும் தெரியக் கூடாது. கறுப்புப் பட்டை போட்டு மூடினால், பிடிஎஃபில் அடியிலிருக்கும் எழுத்தை செலக்ட் செய்து காப்பி எடுத்துவிடலாம். மங்கலாக்கினாலும் சில சமயம் மீட்டுவிட முடியும். பொய்த் தரவு ஏற்றிய தனி டேட்டாபேஸ் வைத்துப் புதிதாகப் படம் எடுப்பதே வழி.

ஸ்லைடு

புரோகிராம் கோடு ஒரு ஸ்லைடில் 10 வரிக்கு மேல் வேண்டாம், எழுத்து 28 பாயிண்டுக்குக் கீழே வேண்டாம். எடிட்டரில் கறுப்புப் பின்னணி அழகாகத் தெரியும். விளக்கெரியும் ஹாலில் பழைய புரொஜெக்டர் அதைச் சாம்பலாக்கிவிடும். வெள்ளைப் பின்னணிக்கு மாறுங்கள். வெப்பில் சாதாரண எழுத்துக்கு 4.5:1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) என்பது குறைந்தபட்சக் கணக்கு. புரொஜெக்டரில் அதிலும் பாதி போய்விடலாம், ஆகவே 7:1க்குக் குறையாமல் வையுங்கள். பெரும்பாலான எடிட்டர் தீம்களில் கமென்ட் வரியின் சாம்பல் நிறம் இதில் தேறாது.

தரை சமமான ஹாலில் ஸ்லைடின் அடிப் பகுதியை முன்வரிசைத் தலைகள் மறைக்கும். முக்கியமான வரியை மேலே ஏற்றுங்கள். தமிழ் எழுத்து இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒரு ஃபான்டை பிடிஎஃபுக்குள் பதித்தே எடுத்துப் போங்கள். புரோகிராம் கோடு எழுதும் ஃபான்ட்கள் பலவற்றில் தமிழ் கிடையாது. அடுத்தவர் லேப்டாப்பில் திறக்கும்போது வேறு ஃபான்ட் உட்கார்ந்து வரி உடையும்.

டெமோ

அதிகம் சொதப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

மேடையில் என்பிஎம் இன்ஸ்டால் (தேவையான நிரல் தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் கட்டளை) ஓட்டவே கூடாது. முந்நூறு பேர் தொங்கும் வைஃபையில் அது முடியாது. ஃபான்ட், ஐகான், மேப் என்று சிடிஎன்னிலிருந்து (கோப்புகளை இணையம் வழியே தரும் வெளி சர்வர்கள்) வருவதையெல்லாம் உள்ளூரில் இறக்கி வைத்து, லேப்டாப்பில் நெட்டை அணைத்துவிட்டு டெமோவை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே வெளியிலிருந்து ஒன்று வந்துகொண்டிருக்கிறது.

போனில் காட்ட வேண்டுமென்றால் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, பல இடங்களில் வைஃபை ஒரு கருவியை இன்னொன்று பார்க்க விடாது. லேப்டாப்பின் ஐபி முகவரியை அடித்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு, அது திறந்தாலும் 192.168 என்று தொடங்கும் எச்டிடிபி முகவரியை பிரவுசர் பாதுகாப்பானதாகக் கருதாது. கேமரா, லொகேஷன், சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்துக்குப் பின்னால் ஓடி, நெட் இல்லாதபோதும் சேமித்ததைக் காட்டும் ஸ்கிரிப்ட்) எதுவும் வேலை செய்யாது. லோக்கல்ஹோஸ்ட் என்ற, கருவி தன்னையே குறிக்கும் முகவரிக்கு மட்டும் அந்தச் சலுகை இருப்பதால் வீட்டு லேப்டாப்பில் எல்லாம் சரியாகவே ஓடியிருக்கும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, ஏடிபி (ஆண்ட்ராய்டு போனை லேப்டாப்பிலிருந்து கையாளும் கருவி) தரும் ரிவர்ஸ் கட்டளையில் போர்ட்டைத் திருப்பிவிட்டால் போனிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறக்கலாம். இரண்டும் ஒரே அடியில் தீரும், வைஃபையும் வேண்டாம்.

சர்வீஸ் வொர்க்கர் பற்றியே பேசுபவர்கள் ஆப்பின் பழைய வடிவம் (பில்டு) திரையில் வந்து நிற்பதைப் பார்த்து முழிப்பது வழக்கம். பிரவுசரின் டெவ்டூல்ஸில் "அப்டேட் ஆன் ரீலோட்" போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசரில் டெமோவுக்கென்று தனி புரொஃபைல் வையுங்கள்: எக்ஸ்டென்ஷன் இல்லாமல், வாட்ஸாப் வெப் இல்லாமல், ஜூம் 150 சதவீதத்தில். இத்தனைக்கும் பிறகு டெமோவை வீடியோவாக ஒரு முறை பதிவு செய்து லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 30 விநாடியில் டெமோ எழவில்லை என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் வீடியோவைப் போடுங்கள். சபைக்கு ஒன்றும் குறையாது.

பையில் யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐ அடாப்டர், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ (பழைய புரொஜெக்டர் இணைப்பு) அடாப்டர், சார்ஜர், 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்லைடு பிடிஎஃப் ஏற்றிய பென்டிரைவ் இருக்கட்டும். விஜிஏ எதற்கு என்று கேட்காதீர்கள், கல்லூரி செமினார் ஹாலுக்குப் போனால் தெரியும். கூரை வழியாக ஓடும் நீள எச்டிஎம்ஐ வயரில் திரை விட்டு விட்டு இருண்டால், ரெசல்யூஷனை 1280x720க்கு இறக்குங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒத்திகை

25 நிமிடப் பேச்சு வீட்டில் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். எந்த மூன்று ஸ்லைடைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று முன்பே குறித்து வையுங்கள். முதல் நான்கு வாக்கியமும் கடைசி இரண்டும் மனப்பாடம். நடுவில் மனப்பாடம் வேண்டாம், மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு பெங்களூரு மேடை ஆங்கிலம் கொஞ்சம் உதறல்தான். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

முதல் மேடையை ஊரிலேயே ஏறிவிடுவது நல்லது. கோவையில் ஜிடிஜி (கூகுள் டெவலப்பர் குழு) மாதிரிக் குழுக்களின் மீட்டப் இருக்கிறது. பெருந்துறை, சத்தியமங்கலம், பீளமேடு என்று எங்கும் கல்லூரிகள் சிம்போசியத்துக்கு ஆள் தேடுகின்றன. அங்கே தமிழும் ஆங்கிலமும் கலந்தே பேசலாம், பேசவும் வேண்டும். கடைசி வரிசையைப் பார்த்து "எழுத்து தெரியுதுங்களா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நிகழ்ச்சி நிரலில் 10 மணி என்றிருந்தால், தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்து மைக் உங்கள் கைக்கு வர 10.40 ஆகலாம், சாப்பாட்டு நேரமோ நகராது. 45 நிமிடப் பேச்சின் 20 நிமிட வடிவம் கைவசம் இருக்கட்டும். மாணவர்கள் சபையில் கேள்வி கேட்க மாட்டார்கள், முடிந்ததும் நான்கைந்து பேர் மேடையோரம் வந்து நிற்பார்கள். உடனே காருக்கு ஓடிவிடாதீர்கள்.

போக்குவரத்து

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தேர்வு முடிவு அதற்குப் பிறகு வந்தால் தட்காலை நம்ப வேண்டிவரும். அது பயணத்துக்கு முந்தைய நாள், ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. கோவையிலிருந்து சென்னைக்கு சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ்கள் இரவில் ஓடி விடியலில் இறக்கிவிடும். திருப்பூர், ஈரோடு, சேலத்திலும் ஏறலாம். முற்பகல் பேச்சென்றால் அந்த ரயிலை நம்பாதீர்கள், ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். பெங்களூருக்கு 2023 டிசம்பர் முதல் வந்தே பாரத் உண்டு. சனி, ஞாயிறு கான்ஃபரன்ஸ் என்றால் நமக்கு ஒரு வசதி: வெள்ளி இரவு கூட்டம் பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும், ஞாயிறு இரவு திரும்பிப் போகும். நீங்கள் இரண்டு முறையும் எதிர்த்திசையில் போகிறீர்கள். சென்னைக்கும் அதே கணக்குதான்.

கேட்க மட்டும் போகிறவர்கள் எல்லா அமர்விலும் உட்கார வேண்டியதில்லை. வீடியோ பிறகு வரும்; பேசியவரை நேரில் பிடிப்பது பிறகு நடக்காது. "நீங்க என்ன பண்றீங்க" என்று ஆரம்பிப்பதை விட, "இந்த மாதிரி எங்களுக்கும் ஆச்சுங்க, நாங்க இப்படிச் செஞ்சோம்" என்று ஆரம்பித்தால் பேச்சு நீளும்.

பேச்சு முடிந்த அன்றிரவே ஸ்லைடை இணையத்தில் ஏற்றி முகவரியை அமைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். பயணச் செலவு தருவதாகச் சொல்லியிருந்தால் பில் யார் பெயரில் வேண்டும், ஜிஎஸ்டி எண் போட வேண்டுமா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்க வேண்டும். அறை எடுத்த பிறகு பில்லில் பெயர் மாற்றித் தரப் பல லாட்ஜ்கள் மறுத்துவிடும். டாக்ஸி, உணவக பில்கள் தெர்மல் தாளில் வருவதால் எழுத்து சீக்கிரம் மங்கும், கையில் வாங்கியதும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.