நடராஜரைப் பார்ப்பது எப்படி: முதலில் எழும்பூர், அப்புறம் கோயில்

கோயிலில் நடராஜர் முன்னால் நின்றால் நமக்குத் தெரிவது பெரும்பாலும் முகமும் எடுத்த காலும்தான், மீதியைப் பட்டும் மாலையும் மூடிவிடும். அதனால் முதலில் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், விடுமுறை. சாமி பார்க்கிற நாளாச்சே என்று கிளம்பினால் பூட்டிய கேட்டைத்தான் கும்பிட்டுவிட்டு வரவேண்டும்.

அங்கே வெண்கலச் சிலைகளில் திருவாலங்காட்டு நடராஜரைத் தேடுங்கள். சோழர் காலத்து வேலை. சுற்றி வளைக்கும் தீ வட்டமான திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை, அதனால் கண் எங்கும் அலையாமல் உடம்பிலேயே நிற்கும். திருவாலங்காடு என்றதும் அந்த ஊர்க் கோயிலுக்குப் பேர்போன, காலைத் தலைக்கு மேல் தூக்கும் ஊர்த்துவ தாண்டவத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது நாம் வழக்கமாகப் பார்க்கிற ஆனந்த தாண்டவம்.

முகத்தில் ஆரம்பிக்க வேண்டாம், கீழே காலடியில் கிடக்கும் குள்ள அசுரன் முயலகனில் ஆரம்பியுங்கள். அவன்மேல் ஊன்றிய வலது காலின் முட்டி லேசாக மடங்கியிருக்கும், மொத்த ஆட்டத்தின் எடையும் அதில்தான் இறங்குகிறது. தீ ஏந்திய கையை மட்டும் பார்த்துவிட்டு சிவன் என்றால் அழிக்கிற சாமி என்று முடித்துவிடுகிறோம், ஆனால் சைவ சித்தாந்தம் ஐந்து தொழிலையும் இவர் ஒருவருக்கே தருகிறது: உடுக்கை படைக்கிறது, அபயக் கை காக்கிறது, தீ அழிக்கிறது, ஊன்றிய கால் மறைக்கிறது, எடுத்த கால் அருள்கிறது. மிச்சமிருக்கும் கை, யானைத் துதிக்கை மாதிரி குறுக்கே தொங்குவது, அந்த எடுத்த காலைத்தான் காட்டுகிறது. எனக்கு அந்த ஒரு கைக்காகவே அரை மணி நேரம் போய்விடும்.

மற்ற நடராஜர்களையும் பாருங்கள். காதுகளைக் கவனித்தால் பல சிலைகளில் வலது காதில் ஆண்கள் அணியும் குழை, இடது காதில் பெண்கள் அணியும் தோடு இருக்கும், அம்மை பாதி என்பதைச் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். தூக்கியது வலது கால் என்றால் அது மதுரை மீனாட்சி கோயிலின் வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடிய கோலம்.

சரி, இனி கோயில். நடராஜருக்கு வருடத்துக்கு 6 அபிஷேகம்தான், அலங்காரமில்லாமல் அவரைப் பார்க்க அதை விட்டால் வாய்ப்பு குறைவு. மார்கழித் திருவாதிரை அதில் ஒன்று. மயிலாப்பூரோ திருவான்மியூரோ, இருட்டோடு போய்விடுங்கள், கூட்டம் நெருக்கும். நேர் நடுவில் இடம் பிடிக்க முட்டி மோத வேண்டாம். எடுத்த பாதம் இருப்பது நம் இடப்பக்கம், அந்தப் பக்கமாக ஒதுங்கி நின்றால் பால் அந்தக் கால் வழியாக வழிவது தெரியும். களி வாங்க அப்புறம் வரிசையில் நின்றுகொள்ளலாம்.