எதிரொலி பலமாக வந்தால் அடியில் பாறையா? கடல்தரையை ஒலியால் கணிக்கும்போது செய்யும் தவறுகள்

ஒலியை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்யும் கருவியான எக்கோ சவுண்டரின் திரையில் கடல்தரை பளிச்சென்று தெரிகிறது. உடனே ‘கடினத் தரை’ என்று குறித்துவிடுகிறோம். அதே இடத்தில் மாதிரி அள்ளினால் கொழகொழவென்று சேறு வருகிறது. கருவியில் பழுது இல்லை. சேற்றில் மீத்தேன் குமிழிகள் இருந்திருக்கலாம். கரிமப் பொருள் மட்கும் இடங்களில் இது சகஜம். நீரில் ஒலிவேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். கொஞ்சம் வாயு கலந்தாலே, குறைந்த அதிர்வெண்களில் சேற்றின் ஒலிவேகம் சில நூறு மீட்டராகச் சரியக்கூடும். ஒலி திரும்புவதற்குத் தரை கெட்டியாக இருக்க வேண்டியதில்லை, நீரிலிருந்து வேறுபட்டிருந்தால் போதும். வாயுவைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் இரண்டு: அதற்குக் கீழுள்ள அடுக்குகள் மறைந்துபோகும், திரும்பும் அலை தலைகீழாக இருக்கும். வலிமையை மட்டும் பதிவு செய்துவிட்டு அலைவடிவத்தைத் தூக்கிப்போட்டவருக்கு இரண்டாவது தடயம் கிடைக்காது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. செங்குத்தாக அனுப்பிய ஒலியின் எதிரொலி, அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் தனித்தனியாகச் சொல்லாது. இரண்டின் பெருக்கலான இம்பீடன்ஸை மட்டுமே சொல்லும். கன மீட்டருக்கு 1900 கிலோ அடர்த்தியும் நொடிக்கு 1700 மீட்டர் ஒலிவேகமும் உள்ள கடல்தரைப் படிவு ஒன்று. 2000 கிலோவும் 1615 மீட்டரும் உள்ளது இன்னொன்று. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. கணினி இவற்றில் எதை வேண்டுமானாலும் ‘விடை’யாகத் தரும், அதையும் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு தரும்! பிரித்தறிய வேண்டுமானால் சாய்ந்த கோணங்களிலும் அளக்க வேண்டும். 1700 மீட்டர் வேகமுள்ள மணலில், தரையோடு சுமார் 28 பாகைக்குக் கீழே படும் ஒலி ஏறக்குறைய முழுதுமாகத் திரும்பிவிடும். அந்த எல்லைக் கோணத்தைத் தீர்மானிப்பது வேகங்களின் விகிதம் மட்டுமே, அடர்த்திக்கு அதில் பங்கில்லை. ஆனால் மென்சேற்றில் ஒலி நீரைவிடச் சற்று மெதுவாகவே போகும் என்பதால், அங்கே இந்த எல்லைக் கோணத்தைத் தேடினால் கிடைக்காது.

பலர் இந்த இடத்தில் குறுக்குவழி எடுக்கிறார்கள்: கடல்தரைப் படிவுகளின் ஒலிப் பண்புகளை ஆராய்ந்த எட்வின் ஹாமில்டன் தொகுத்த தொடர்புகளைப் போன்ற சூத்திரங்களில் எண்ணைப் போட்டு, துகள் அளவு வரை இறங்கிவிடுகிறார்கள். அவை மாதிரிகளின் சராசரிப் போக்கு, இயற்பியல் விதி அல்ல. சிப்பி, பவளத் துகள்களாலான மணலில் துகளுக்குள்ளேயே துளைகள் இருப்பதால், குவார்ட்ஸ் மணலுக்கான சமன்பாடு அங்கே பொருந்தாது.

அதிர்வெண்ணை மறப்பதும் இதே ரகம்தான். நீரில் 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 மீட்டர். 100 கிலோஹெர்ட்ஸில் 1.5 சென்டிமீட்டர். முன்னது மேலே படிந்த மெல்லிய சேற்றுப் படலத்தை உணராது, பின்னது அதற்கு அடியில் இருப்பதைக் காட்டாது. போதாக்குறைக்கு, மணலில் ஒலிவேகமே அதிர்வெண்ணோடு மாறுகிறது. ஆகவே ஆய்வகத்தில் உயர் அதிர்வெண்ணில் அளந்த கோர் மாதிரியின் (தரையில் குழாயைச் செருகி எடுத்த படிவின்) வேகத்தை அப்படியே தாழ் அதிர்வெண் கணக்கில் செருகக் கூடாது. அறை வெப்பத்தில் அளந்ததா என்றும் பாருங்கள். நீரின் வேகத்தோடு விகிதமாக எழுதினால் வெப்பத்தின் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும்.

அலகுக் குழப்பம் சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடக்கிறது. ஒலித்தணிவு, அதாவது படிவுக்குள் செல்லும்போது ஒலி வலிமை குறைவது, ஒரு கட்டுரையில் அலைநீளத்துக்கு இத்தனை டெசிபெல் என்றிருக்கும், இன்னொன்றில் மீட்டருக்கும் கிலோஹெர்ட்ஸுக்கும் இத்தனை என்றிருக்கும். 1700 மீட்டர் வேகத்தில் இரண்டுக்கும் 1.7 மடங்கு வித்தியாசம்.

நான் அதிகம் பயப்படுவது அளந்த தரவோடு அழகாகப் பொருந்தும் வரைகோட்டைக் கண்டுதான். நீரின் ஒலிவேகம் ஆழத்தோடு எப்படி மாறுகிறது என்பதைக் காலையில் அளந்துவிட்டு மாலையில் ஒலியைப் பதிவு செய்திருப்போம். இடையில் ஓதமும் (கடல்நீர் மட்டமும்) ஏறியிருக்கும், ஹைட்ரோஃபோன் எனும் நீரடி ஒலிவாங்கிகளின் வரிசையும் சாய்ந்திருக்கும். இந்தப் பிழைகளையெல்லாம் கணிப்பு நிரல் சத்தமில்லாமல் படிவின் தலையில் கட்டிவிடும். பொருத்தம் பிரமாதமாக இருக்கும், மணலோ தப்பான மணலாக இருக்கும். நிரலைச் சோதிக்க, அந்த நிரல் பயன்படுத்தும் கணக்கையே கொண்டு உருவாக்கிய செயற்கைத் தரவையே ஊட்டுவதும் பயனில்லாத வேலை. தான் எழுதிய கேள்வித்தாளில் யாரும் தோற்பதில்லை. ஓத உயரம், வரிசையின் சாய்வு ஆகியவற்றையும் தெரியாத எண்களாகச் சேர்த்து, ஒற்றை விடைக்குப் பதில், எந்த மதிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் நிகழ்தகவுப் பரவலை வெளியிடுங்கள். சில அளவுகளுக்கு, குறிப்பாக அடர்த்திக்கு, அந்தப் பரவல் அகலமாகவே வரும். அதைச் சுருக்கிக் காட்ட வேண்டாம்.