கீஷைச் சூட்டோடு மூடாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பிரான்சின் லில் நகரில் படிக்கிறாள். தனி அறை, ஆள் திரும்ப இடமில்லாத குசினி. கிழமை முழுவதற்குமாக ஞாயிற்றுக்கிழமையே சமைத்து வைத்துவிடுவாள். படத்தில் முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுட்ட மூன்று கீஷ், ஒன்றின்மேல் ஒன்றாக, பிளாஸ்டிக் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றியபடி. "மாமா, வடிவா இருக்கோ? இனி ஃபிரீசருக்குள்ள வைக்கப்போறன்" என்று கீழே எழுதியிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபிலிமின் உட்புறம் முழுக்க, மாரிகாலத்துப் பஸ் கண்ணாடி போல, நீர்த்துளிகள். எழுதிக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல் உடனே ஃபோன் பண்ணினேன்.

பாரிஸில் உணவகக் குசினிகளுக்குள் நான் நுழைந்து 18 வருடம். எல்லாரையும் போல பாத்திரம் கழுவும் பிளோஞ்சில் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தவன். புதிதாக வரும் தம்பிமாரும் வீட்டில் செய்து பார்க்கும் சொந்தக்காரரும் கீஷ் உறையவைக்கும்போது செய்கிற பிழைகளில் நான் செய்யாதது எதுவுமில்லை. அதனால்தான் பார்க்கும்போது கோபம் வருகிறது. திகதி எழுதி ஒட்டுவது, கையைக் கழுவுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கீஷ், பிரான்சின் வடகிழக்கில் ஜெர்மனியை ஒட்டியிருக்கும் லொரேன் பகுதியின் உணவு. கேக்கைக் குறிக்கும் ஜெர்மன் சொல்தான் திரிந்து இந்தப் பெயராயிற்று என்பார்கள். வெண்ணெய் சேர்த்த பாத் பிரிசே என்ற மாவை வட்டமாகத் தட்டில் விரித்து, அதற்குள் முட்டையும் கிரீமும் அடித்து ஊற்றிச் சுடுவது. முட்டையும் கிரீமும் சேர்ந்த அந்தக் கலவைக்கு லொரேன்காரர் மிகேன் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். புகையிட்ட பன்றித் துண்டுகளைப் போட்டால் அது கீஷ் லொரேன். அதில் சீஸ் போட்டால் அந்த ஊர்ப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நான் போடுவேன். அவர்கள் என் வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை.

சூடு ஆறுமுன் சுற்றி ஃபிரீசரில் வைப்பது

நான் பணம் கொடுத்துப் படித்த பாடம் இது.

பாரிஸுக்கு வந்து சில வருடம் கழித்து, தெரிந்த குடும்பமொன்றில் பிள்ளையின் முதல் நன்மை விழா. 16 கீஷ் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஒரேயொரு ஓவனில் இரண்டிரண்டாகச் சுட்டு முடிக்க இரவு ஒரு மணி. விழாவுக்கு ஒரு கிழமை இருந்தது. கண் சொருகுகிறது. கடைசியாகச் சுட்டவை கைக்குச் சுட்டன, அதற்கு முன் சுட்டவையும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் ஃபிலிமில் சுற்றி, பெட்டி ஃபிரீசருக்குள் நான்கு நான்காக அடுக்கி, மூடியை அமத்திவிட்டுப் படுத்தேன். குளிர்ப்பெட்டிதானே, அது பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு.

காலை ஏழு மணிக்குத் திறந்தேன். மேலே இருந்தவற்றின் ஓரம் கல்லாகியிருந்தது. நடு அடுக்கில் ஒன்றை எடுத்து வேலைக்கு வைத்திருந்த வெப்பமானியின் ஊசியைக் குத்தினேன். 31 பாகை. ஆறு மணிநேரம் ஃபிரீசருக்குள் கிடந்த முட்டையும் கிரீமும், மே மாத யாழ்ப்பாணத்து நிழலளவு சூட்டில். பக்கத்தில் மனைவி வாங்கி வைத்திருந்த இறாலும் சுறாவும் இளகி, பையில் தண்ணீர் கட்டியிருந்தது.

16 கீஷும் குப்பைக்கு. இறாலும் சுறாவும் கூடவே. அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு இரவும் மூன்று நான்காகத் திரும்பச் சுட்டேன். கூலி இல்லாமல், இரண்டு மடங்கு வெண்ணெய் முட்டைச் செலவோடு. அந்தச் சுறாவைப் பற்றி மனைவி இன்றைக்கும் கதைப்பாள்.

அங்கே என்ன நடந்தது? வீட்டு ஃபிரீசர் உறைந்ததை உறைந்தபடி வைத்திருக்கத்தான் முதலில் செய்யப்பட்டது. புதிதாக உறையவைக்கும் பலம் அதற்குக் குறைவு. உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், 24 மணிநேரத்தில் இத்தனை கிலோ என்று இருக்கும். என்னுடையதில் 12. நான் திணித்ததோ 17 கிலோவுக்கு மேல். அந்த 12 கிலோ என்பதும் அறைச் சூட்டிலுள்ள உணவுக்கான கணக்கு. ஓவனிலிருந்து வந்ததற்கு அல்ல. நெருக்கி அடுக்கினால் வெளியே இருப்பவை உள்ளே இருப்பவற்றுக்குப் போர்வையாகிவிடும். குளிர் நடுவுக்குப் போகாது.

4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். உறையவைத்தால் அவை சாவதில்லை, தூங்கும். "பிறகு நல்லாச் சூடாக்கினா சரிதானே அண்ணை" என்று ஒரு தம்பி கேட்டான். கிருமி சாகும், சரி. ஆனால் ஸ்டாஃபிலோகோக்கஸ் மாதிரியான சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு ஓவன் சூட்டுக்கும் அசையாது. இங்கே உணவகங்களுக்குச் சட்டம் இருக்கிறது. சமைத்ததை 63 பாகையிலிருந்து 10 பாகைக்கு இரண்டு மணிநேரத்துக்குள் இறக்க வேண்டும். அதற்கென்றே செல்லுல் என்று நாங்கள் சொல்லும் வேகக் குளிரூட்டி நிற்கிறது. வேலையிடத்தில் அதைப் பார்த்துப் பழகியவன் வீட்டு ஃபிரீசரும் அதுதான் என்று நினைத்துவிடுகிறான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரி, ஒன்றிரண்டுதான் வைக்கிறேன், பழுதாகாது என்றால்? ருசி போகும். சூடான கீஷ் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். ஃபிலிமுக்குள் அந்த ஆவி துளியாகி, மேலே விழுந்து, ஓரத்தால் வழிந்து அடிமாவுக்குள் இறங்கும். உறையும்போது பனியாகும், சூடாக்கும்போது திரும்பத் தண்ணீராகும். அடி கஞ்சியில் ஊறிய பாண் போலிருக்கும். போதாததற்கு, மெதுவாக உறைகிற எதிலும் பனிப்பளிங்குகள் பெரிதாக வளரும். வெந்த முட்டை ஒரு வலை மாதிரி. கிரீமிலுள்ள தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பெரிய பளிங்கு அந்த வலையைக் கிழித்துவிடும். பிறகு வெட்டினால் பஞ்சு போன்ற முட்டை ஒரு பக்கம், மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம்.

இப்போது நான் செய்வது இது. ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் கீஷைத் தட்டிலிருந்து கழற்றிக் கம்பித் தட்டில் வைப்பேன். அடியில் காற்றுப் போக வேண்டும். முக்கால் மணிநேரம், அதிகம் போனால் ஒரு மணிநேரம். பிறகு மூடாமலே குளிர்சாதனப் பெட்டிக்குள், அடியைத் தொட்டால் சில்லென்று இருக்கும்வரை. அதற்குப் பிறகு ஃபிரீசரில், ஒன்றோடொன்று முட்டாமல், இன்னும் மூடாமல், மூன்று நான்கு மணிநேரம். கல்லான பின்தான் ஃபிலிம், அதற்குமேல் அலுமினியத் தாள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. −18 பாகையில் இரண்டு மாதம் நல்ல ருசியோடு இருக்கும். அதற்குமேலும் கெட்டுவிடாது, ஆனால் வெண்ணெயில் ஃபிரீசர் மணம் ஏறிவிடும்.

ஆறட்டும் என்று விடியும்வரை மேசையில் விடுவது

இதுவும் குப்பைக்குத்தான். இரண்டு மணிநேரம் எல்லை.

தண்ணீர் மரக்கறி

சுக்கினி, காளான், தக்காளி மூன்றுமே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அன்றே சாப்பிடும் கீஷுக்குப் பச்சையாகப் போட்டாலும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். உறையவைக்கப் போகிறீர்கள் என்றால் முடியாது. காளானைத் தாச்சியில் போட்டால் முதலில் சீறும், பிறகு தண்ணீர் விட்டுக் கொதிக்கும், அந்தத் தண்ணீர் வற்றித் திரும்பச் சீறத் தொடங்கும். அந்த இரண்டாவது சீறலுக்குப் பிறகுதான் இறக்க வேண்டும். பசளிக்கீரையை வதக்கி, துணியில் கட்டி, தேங்காய்ப்பூப் பிழிவது போலப் பிழியுங்கள். தக்காளியை விட்டுவிடுங்கள்.

உறையவைக்க என்றே செய்தால் என் தெரிவு லீக்ஸ். நுவரெலியா லீக்ஸைத் தேங்காய்ப்பாலில் போட்டே பழகிய நமக்கு, அதை வெண்ணெயில் அரை மணிநேரம் மெல்லிய நெருப்பில் வதக்கலாம் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. தண்ணீர் முழுக்க வற்றி இனிப்பாகிவிடும், உறைந்து மீண்டாலும் மாறாது. உருளைக்கிழங்கு வேண்டாம். மணல் மணலாகிவிடும்.

கொழுப்பில்லாப் பால்

உடம்புக்கு நல்லதென்று கிரீமை விட்டுப் பாலை மட்டும் ஊற்றுகிறார்கள். சுட்ட அன்றைக்குப் பிழையில்லை. உறைந்து இளகும்போது பிரிந்து தண்ணீர் விடும். 28 சென்டிமீட்டர் தட்டுக்கு நான்கு முட்டை, 30 வீதக் கொழுப்புள்ள கிரீம் 300 மில்லி, முழுப்பால் 100 மில்லி என்பது என் அளவு. உடம்பைப் பார்க்க வேண்டுமென்றால் துண்டைச் சிறிதாக வெட்டுங்கள்.

முதல் தடவையே அதிகமாகச் சுடுவது

கீஷை இரண்டு தடவை சூடாக்கப் போகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 180 பாகையில் 35 நிமிடம் கழித்துத் தட்டை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல், நடு மட்டும் வட்டிலப்பம் போல் ஆடினால் எடுத்துவிடலாம், ஆறும்போது மிச்சம் இறுகும். நடு பொங்கி வெடிக்கும்வரை விட்டால் முட்டையின் வலை அங்கேயே சுருங்கி நீரைக் கக்கிவிடும். அதற்குப் பிறகு ஃபிரீசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடிமாவோ நேர்மாறு. அதை மிகேன் ஊற்றுமுன்பே பருப்போ கடலையோ பரப்பித் தனியாகச் சுட்டு, கடலையை எடுத்துவிட்டு முட்டை வெள்ளைக்கரு தடவி, இன்னும் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். அந்த வெள்ளைக்கரு வார்னிஷ் மாதிரி. ஈரம் இறங்காது.

மேசையில் இளகவைப்பது

இளகவே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்து இளகவைப்பதில் ஆபத்தில்லைதான். ஆனால் இளகும் நேரமெல்லாம் அடிமா ஈரத்தைக் குடிக்கும். ஃபிரீசரிலிருந்து நேரே ஓவனுக்குப் போனால் மொறுமொறுப்பு மிஞ்சும்.

ஓவனுக்குள் ஒரு கனமான தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து 170 பாகைக்குச் சூடாக்குங்கள். உறைந்த கீஷை ஃபிலிமைக் கழற்றி அந்தத் தட்டில் வையுங்கள். மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு 25 நிமிடம், தாளை எடுத்துவிட்டு இன்னும் 20. துண்டென்றால் மொத்தமே 20 அல்லது 25. நடுவில் 75 பாகை வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் கத்தி நுனியை நடுவில் குத்திப் பத்து விநாடி வைத்து, எடுத்து உதட்டில் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சரி. ஃபிலிம் கழற்ற மறந்து ஓவனுக்குள் வைத்தவர்களையும் எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், சுறாவைப் பற்றிக் கதைப்பவர்களில் ஒருவர்.

கண்ணாடித் தட்டு

ஃபிரீசரிலிருந்து ஓவனுக்கு நேரே போனால் வெடிக்கலாம். உலோகத் தட்டு போதும்.

மைக்ரோவேவ்

வேண்டாம். வேலையிடத்தில் வேறு வழியில்லையென்றால் மேலேயுள்ளதைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு அடியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடவை உறையவைப்பது

இல்லை. அதனால்தான் துண்டாக வெட்டி உறையவையுங்கள் என்கிறேன்.

ஓவனைச் சூடாக்க மனமில்லையென்றால்

மருமகளின் பிரச்சினை இது. அவளது அறையில் இருப்பது பேச்சுக்கு ஓர் ஓவன், ஒரு துண்டுக்காக அதைச் சூடாக்கி மின்கட்டணம் கட்ட அவளுக்கு மனமில்லை. அவளுக்காக இளகவைக்கும் விதியைத் தளர்த்தினேன். முதல்நாள் இரவு ஒரு துண்டைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். அடுத்த நாள் எண்ணெய் விடாத, ஒட்டாத தாச்சியில் அதை வைத்து மிகச் சிறிய நெருப்பில், மூடியைக் கொஞ்சம் விலக்கி, பத்துப் பன்னிரண்டு நிமிடம். அடி நேரே தாச்சியில் படுவதால் தோசை போல முறுகும். மூடியை முழுக்க மூடினால் ஆவி திரும்ப மேலேயே விழும். நான் பகலில் வேலையிடத்தில் சாப்பிடும் துண்டும் இப்படிச் சூடாக்கியதுதான்.

அன்றிரவு ஃபோனில் மூன்று கீஷின் ஃபிலிமையும் கழற்ற வைத்தேன். "மாமா, இவ்வளவு நேரம் சுத்தினதெல்லாம் வீணோ?" என்று முனகினாள். ஆறவைக்க அந்த அறையில் இடமேது என்று அடுத்த கேள்வி. ஜன்னலோரம் என்றேன். வெளியே மூன்று பாகை, லில்லில் குளிருக்குக் காசு கேட்கமாட்டார்கள்.

பத்து நிமிடத்தில் இன்னொரு படம் வந்தது. ஜன்னல் விளிம்பில் மூன்று கீஷ் வரிசையாக, மெல்ல ஆவி விட்டபடி. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி, தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு புறா.