சதுப்பு நிலத்தை 'அழகாக்க'ப் போய்ச் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஞாயிற்றுக்கிழமை ப்ளூ லகூன் பக்கம் போனால் நம் ஆட்கள் பிரியாணிச் சட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். உம்கேனி ஆறு கடலில் சேரும் இடம். வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. அதைப் பார்க்கிற முக்கால்வாசிப் பேருக்கு ஒரே யோசனைதான்: இந்தச் சேற்றையும் புதரையும் எடுத்துவிட்டால் இடம் எவ்வளவு நன்றாக இருக்கும்! இப்படிப்பட்ட பொது இடங்களைக் கவனிக்கிற குழுக்களும் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன.

பெரிய சறுக்கல் டர்பனுக்கு வடக்கே, செயின்ட் லூசியா ஏரியில் நடந்தது. உம்ஃபொலோசி ஆற்றுப் படுகையில் கரும்பு போடுவதற்காகச் சதுப்பை வடித்தார்கள். வண்டலைப் பிடித்து வைத்திருந்த கோரைக்காடு போனதும் ஆறு கலங்கலாக ஓடிவந்தது. அந்த வண்டல் ஏரியின் முகத்துவாரத்தை அடைத்துவிடும் என்று பயந்து, 1952இல் ஆற்றைப் பிரித்துத் தனியாகக் கடலுக்கு விட்டார்கள். வண்டலை நிறுத்தியவர்கள், ஏரிக்கு வந்துகொண்டிருந்த நல்ல தண்ணீரையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். மழை பொய்த்த வருடங்களில், 2006 வாக்கில், ஏரியின் பெரும்பகுதி காய்ந்து தரையாகக் கிடந்தது. ஆற்றைத் திரும்ப ஏரியோடு சேர்க்கும் முடிவுக்கு வர 2012 ஆகிவிட்டது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் வருகிறது என்று தெரியாமல் யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது.

மதகு வைத்த சின்னக் குளத்திலும் இதே கதைதான். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று வருடம் முழுக்கத் தளும்பத் தளும்ப வைத்திருப்பார்கள். உள்ளான் பறவைக்கோ கணுக்கால் ஆழமே அதிகம். ஓரம் வற்றிச் சேறு தெரிந்தால்தான் அதற்குப் புழு கிடைக்கும். லிம்போபோ மாகாணத்தில் இருக்கிற நைல்ஸ்ஃப்ளே சதுப்பு நிலம் சில வருடம் வெள்ளத்தையே பார்க்காது. வெள்ளம் வந்த வருடமோ கொக்கும் நாரையும் கூட்டமாக வந்து கூடு கட்டும். காய்வதும் அந்த நிலத்தின் வேலைதான்.

அப்புறம் நாணல். 'பாம்பு அடையும்' என்று ஒரே நாளில் மொத்தத்தையும் வெட்டிவிடுவது. டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தை ஒட்டிய மவுண்ட் மோர்லண்டில், கோடைக்கால மாலைகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த தகைவிலான் குருவிகள் லட்சக்கணக்கில் இறங்கியது நாணலில்தான். அதைப் பார்க்க மக்கள் மடக்கு நாற்காலியோடு வந்தார்கள். குருவிகள் விமானத்தில் மோதிவிடக்கூடாது என்று ரேடார் வைத்துத்தான் 2010இல் விமான நிலையத்தையே திறந்தார்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் குளிர்காலத்தில், ஒரு பங்கை மட்டும், அடுத்த வருடம் இன்னொரு பங்கை.

ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவிப்பதும் வீண் வேலை. அடுத்த வெள்ளம் அதைத் திருப்பி ஆற்றில் போட்டுவிடும். மேலே சாக்கடை கலக்கிறவரை அதுவும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பாதை போடுவதில்தான் எனக்குக் கோபம் வரும். நடுக்காட்டைப் பிளந்து போனால்தான் 'அனுபவம்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பீச்வுட்டில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பென்சில் நட்டு வைத்ததுபோல மூச்சுவேர்கள். அவற்றுக்கு நடுவே, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு, யாரையோ கூப்பிடுவதுபோல் அதை ஆட்டிக்கொண்டிருக்கும். ஓதம் ஏறுவதற்குள் நத்தைகள் மரத்தில் ஏறிக்கொள்ளும். இருபது பேர் செருப்போடு நடந்தால் அந்த இடம் தார் ரோடு மாதிரி இறுகிவிடும். பாதை ஓரத்தோடு போகட்டும், சேற்றைக் கடக்கிற இடத்தில் பலகை நடைபாதை இருக்கட்டும். நாய்க்கு அனுமதி வேண்டாம்.

கடைசியாக நம் வீட்டுச் சமாச்சாரம். பூஜை முடிந்து ஆற்றில் விடுகிற பொருட்கள். 'குப்பை போடாதீர்' என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை நட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் போடுகிறவர்களுக்கு அது குப்பையே இல்லை. கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் பேச வேண்டும். கரையில் ஒரு மேடை கட்டி, தேங்காயும் பூவும் அங்கே வைக்கலாம், மறுநாள் மரியாதையாக எடுத்துவிடுவோம் என்று சொல்ல வேண்டும். சரி, எங்கள் வீட்டிலேயே இதை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு இரண்டு தைப்பூசம் ஆனது. போன முறை கரையைத் துப்புரவாக்கப் போனபோது, மூச்சுவேர்களைச் சுற்றி ஒரு மஞ்சள் நைலான் சேலை இறுகிக் கிடந்தது. இழுத்தால் வேர் ஒடிகிறது. சேற்றில் மண்டியிட்டு, கத்தரிக்கோலால் முழம் முழமாக வெட்டி எடுத்தோம்.