பழைய மேக்ரோ லென்ஸ், புதிய மிரர்லெஸ் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970, 80களில் வந்த நல்ல மேக்ரோ லென்ஸ்கள் (சிறு பொருளை மிக அருகில் எடுப்பவை) இன்றைய 24 மெகாபிக்சல் சென்சாருக்கும் ஈடுகொடுக்கும். நிக்கானின் 55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர், டாம்ரான் எஸ்பி 90 மி.மீ., கிரான் 105 மி.மீ. போன்றவை அருகில் எடுப்பதற்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அப்படியிருந்தும் வாங்கிப் பத்துப் படம் எடுத்ததும் "மங்கலாக இருக்கிறது" என்று சொல்லி மறுபடி விற்றுவிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் குறை கண்ணாடியில் இருப்பதில்லை. அடாப்டரிலும் (பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தும் இடைவளையம்), அப்பர்ச்சர் எண்ணிலும் (லென்ஸின் ஒளித்துளை அளவு, எஃப் எண்), அசைவிலும், வெளிச்சத்திலும்தான் படம் கெடுகிறது. இந்தக் கட்டுரையில் 55 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ-நிக்கோரையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற லென்ஸ்களுக்கும் கணக்கு அதேதான்.

வாங்கும்போது

முதல் தவறு, பெயரை நம்புவது. 80களின் ஜூம் லென்ஸ்கள் பலவற்றில் "மேக்ரோ" என்று பொறித்திருக்கும். பார்த்தால் 1:4 வரைதான் போகும், அதாவது 4 செ.மீ. பொருள் சென்சாரில் 1 செ.மீ. அளவில் விழும். பூவுக்கு அது போதும், எறும்புக்குப் போதாது. உண்மையான மேக்ரோ லென்ஸ்களிலும் அந்தக் காலத்தில் பல தனித்து நின்றால் 1:2 தான். மைக்ரோ-நிக்கோர் 55 அப்படித்தான், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான டியூபை, 27.5 மி.மீ. நீளமுள்ள பிகே-13ஐ, சேர்த்தால்தான் 1:1. கேனான் எஃப்டி 50 மி.மீ. எஃப் 3.5க்கும் தனி டியூப் உண்டு. டோகினா தயாரித்த விவிடார் சீரீஸ் 1, 90 மி.மீ. எஃப் 2.5 (வரிசை எண் 37இல் தொடங்கும்) இன்னும் கவனம் கேட்கும். அதன் 1:1 அடாப்டர் வெறும் குழாய் அல்ல, உள்ளே கண்ணாடி உண்டு. அது இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று லென்ஸை மட்டும் வாங்கினால், சாதாரண டியூபால் அந்தத் தரத்தை எட்ட முடியாது.

அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் படத்தில் தெரியாது. நூல்நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. உள்கண்ணாடியில் பனி படிந்ததுபோல் சீரான வெண்மை இருந்தால் அதுதான் மோசம், ஏனென்றால் பொருள் கூர்மையாக விழுந்தாலும் கான்ட்ராஸ்ட் செத்துவிடும். விளிம்பில் வானவில் நிறப் பட்டை தெரிந்தால், ஒட்டப்பட்ட இரு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. அதை வாங்க வேண்டாம்.

55 மி.மீ. எஃப் 2.8க்கு இரண்டு பிறவிக் குறைகள் பேர்போனவை: ஹெலிகாய்டில் (ஃபோகஸுக்காக லென்ஸை முன்பின் நகர்த்தும் திருகுப் புரி) கிரீஸ் இறுகி ஃபோகஸ் வளையம் கல்லாகிப்போவது, அதிலிருந்து கசியும் எண்ணெய் அப்பர்ச்சர் இதழ்களில் ஒட்டுவது. வளையத்தை முடிவிலி முதல் மிக நெருக்கம் வரை முழுச் சுற்றும் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் சுற்றிப் பார்த்தால் தெரியாது. பின்னாலுள்ள நெம்புகோலைத் தட்டினால் இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும். மிரர்லெஸ்ஸில் அப்பர்ச்சரைக் கையால்தான் மூடுகிறோம் என்பதால், இதழ்கள் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் வேலை நடக்கும். விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். ஃபோகஸ் இறுகியிருந்தால் அந்தச் சமாதானம் இல்லை. 1:1இல் இழுத்து இழுத்துத் திருப்பும்போது கேமராவே நகர்ந்துவிடும்.

கேனானின் புதிய எஃப்டி வகை லென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. கேமராவிலோ அடாப்டரிலோ பூட்டாதவரை அதன் அப்பர்ச்சர் இயங்காது. கடையில் சுற்றிப் பார்த்துவிட்டு "கெட்டுப்போச்சு" என்று விட்டுவிட வேண்டாம். அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள்.

சென்சார் அளவும் உருப்பெருக்கமும்

ஏபிஎஸ்-சி கேமராவில் (36 × 24 மி.மீ. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) 1:2 லென்ஸ் 1:1.3 ஆகிவிடும் என்று கணக்குப் போடுவது பரவலான குழப்பம். உருப்பெருக்கம் மாறவே மாறாது. மாறுவது சட்டத்துக்குள் அடங்கும் பரப்புதான். 1:2இல் ஃபுல் ஃபிரேம் கேமரா 72 × 48 மி.மீ. பரப்பைப் பிடிக்கும், ஏபிஎஸ்-சி சுமார் 47 × 31 மி.மீ. பிடிக்கும். 8 மி.மீ. நீளமுள்ள முசிறு எறும்பு ஏபிஎஸ்-சியில் 1:1இல் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். எதை எடுக்கப் போகிறோமோ அதன் அளவை மி.மீ.யில் வைத்து யோசித்தால் எந்த டியூப் வேண்டும் என்பது தானே விளங்கும். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடும் உருப்பெருக்கம் வரும். 25 மி.மீ. டியூப் 50 மி.மீ. லென்ஸில் 0.5ஐக் கூட்டும், 100 மி.மீ. லென்ஸில் 0.25ஐ மட்டுமே.

50, 55 மி.மீ. லென்ஸை உயிருள்ள பூச்சிக்கென்று வாங்குவதும் தவறான தேர்வு. 1:1இல் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே 6 செ.மீ. அளவில்தான் இடம் இருக்கும். பூச்சி பறந்துவிடும், பறக்காவிட்டால் லென்ஸின் நிழல் அதன்மேல் விழும். நாணயம், தபால்தலை, பூ, பழைய நெகட்டிவ் போன்றவற்றுக்கு 55 அருமை. பூச்சிக்கு 90 முதல் 105 மி.மீ. வரை பாருங்கள்.

அடாப்டர்

அடாப்டரில் கண்ணாடி இல்லையே, எதை வாங்கினால் என்ன என்று தோன்றும். லென்ஸ் பூட்டும் இடத்திலிருந்து (மவுண்ட்) ஃபிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம் நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ., சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ.; ஆகவே அடாப்டர் 28.5 மி.மீ. இருக்க வேண்டும். மலிவான அடாப்டர்கள் பல இதைவிடச் சற்றுக் குட்டையாக வரும். மேக்ரோ வேலைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, தூர அளவுகோல் மட்டும் பொய் சொல்லும். உண்மையான தொல்லை இரண்டு: ஆட்டமும் பளபளப்பும்.

லென்ஸைப் பிடித்து லேசாகத் திருப்பினால் ஆட்டம் தெரிகிறதா? டியூபும் சேர்ந்தால் அந்த ஆட்டம் பெருகி, சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் ஃபோகஸ் விலகும். அடுத்து அடாப்டருக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உட்சுவர் மின்னினால், லென்ஸ் அனுப்பும் பெரிய ஒளிவட்டத்தின் ஓரம் அந்தச் சுவரில் பட்டுச் சென்சாருக்குத் திரும்பும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஒட்டும் பின்புறமுள்ள கறுப்பு வெல்வெட் தாளை வெட்டி உட்சுவரில் ஒட்டினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பழைய லென்ஸ்கள் "கான்ட்ராஸ்ட் குறைந்தவை" என்று பேர் வாங்கியதில் இந்த அடாப்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எம்42 எனும் திருகி மாட்டும் வகை லென்ஸாக இருந்தால், பின்னாலுள்ள ஊசியை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டரையே கேளுங்கள். விளிம்பில்லாவிட்டால், ஆட்டோ நிலையிலேயே நிற்கும் லென்ஸ்கள் எந்த எண்ணில் வைத்தாலும் முழுவதும் திறந்தே கிடக்கும்.

கேமரா மெனு

லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை முதலில் இயக்குங்கள். இல்லையென்றால் பட்டனே வேலை செய்யாது. மின்னணு முன்திரை ஷட்டரில் (படப்பதிவை மின்னணு முறையில் தொடங்கி, மெக்கானிக்கல் திரையால் முடிப்பது) வேகமான ஷட்டர் வேகங்களில் படத்தின் மேலும் கீழும் வெளிச்சம் மாறுபடலாம்; 1/1000க்கு மேல் போகும்போது முழு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். ட்ரைபாடில் மெதுவான வேகத்தில் எடுக்கும்போது நேர்மாறு: அதிர்வைக் குறைக்க மின்னணு முன்திரைதான் நல்லது.

கேமரா பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (குலுக்கல் திருத்தம்) இருந்தால் குவியத் தூரத்தைக் கையால் உள்ளிட வேண்டும். ஏபிஎஸ்-சி என்று 1.5ஆல் பெருக்கக் கூடாது. ஆனால் மேக்ரோவில் ஒரு நுணுக்கம் உண்டு: லென்ஸ் முன்னே நீள நீள, சென்சாரிலிருந்து அது இருக்கும் தூரமும் கூடுகிறது. 55 மி.மீ. லென்ஸ் 1:2இல் 82 மி.மீ. தூரத்திலும் 1:1இல் 110 மி.மீ. தூரத்திலும் இருப்பதாகக் கொள்ளலாம். அதற்கு அருகிலுள்ள எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். 55 என்றே விட்டால் திருத்தம் போதாமல் போகும். இருந்தாலும் நெருக்கத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்வதுதான் பெரிய குலுக்கல். அதைத் திருத்தப் பொருளின் தூரம் கேமராவுக்குத் தெரிய வேண்டும். பழைய லென்ஸ் அதைச் சொல்லாது. ஆகவே 1:1இல் ஸ்டெபிலைசேஷனை நம்பி 1/30இல் கையால் எடுக்க வேண்டாம். 1/250க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

அப்பர்ச்சர்: மிக அதிகமாகக் கெடும் இடம்

கூர்மை ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரம்) போதவில்லை என்றதும் கை தானாக எஃப் 16, எஃப் 22 என்று திருப்பும். மேக்ரோவில் இதுதான் பழைய லென்ஸுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும் தவறு. வளையத்தில் பொறித்திருப்பது தூரத்துப் பொருளுக்கான எண். நெருங்கும்போது உண்மையான எண், உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதனால் பொறித்த எண்ணைப் பெருக்கினால் கிடைப்பது. 1:1இல் எஃப் 16 என்பது எஃப் 32. அந்த நிலையில் ஒளியின் விளிம்பு வளைவால் (டிஃப்ராக்ஷன்) ஒவ்வொரு புள்ளியும் சுமார் 43 மைக்ரான் அகல வட்டமாகப் பரவும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான்தான். எந்த லென்ஸாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இதைத் தாண்ட முடியாது. நிக்கானின் ஆட்டோஃபோகஸ் மைக்ரோ லென்ஸ்கள் நிக்கான் கேமராவில் இந்த உண்மையான எண்ணையே காட்டும். அந்தப் படங்களின் எஃப் 16ஐப் பார்த்துவிட்டு பழைய லென்ஸின் வளையத்திலும் 16ஐ வைத்தால் இரண்டும் ஒன்றல்ல.

எதிர்ப்பக்கம் ஆழத்தையும் பாருங்கள். ஃபுல் ஃபிரேமில் 0.03 மி.மீ. வரையிலான மங்கல் வட்டத்தைக் கூர்மை என்றே கொள்ளும் வழக்கமான கணக்குப்படி, 1:1இல் எஃப் 2.8க்கு ஆழம் 0.34 மி.மீ., எஃப் 8க்கு 0.96 மி.மீ., எஃப் 16க்கு 1.9 மி.மீ. அதாவது எட்டிலிருந்து பதினாறுக்குப் போய் மொத்தப் படத்தையும் மங்கலாக்கிக்கொண்டதற்குக் கிடைத்த லாபம் ஒரு மில்லிமீட்டர். 1:2இல் எஃப் 8க்கே 2.9 மி.மீ. கிடைக்கிறது. ஆகவே ஆழம் வேண்டுமானால் கொஞ்சம் பின்வாங்கி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது பல நேரம் சிறந்த வழி. 1:1இல் எஃப் 5.6 முதல் 8 வரை, கையில் பிடித்துப் பூச்சி எடுக்கையில் அதிகபட்சம் 11. அதற்குமேல் வேண்டாம்.

இன்னொன்றையும் சோதியுங்கள். வெற்றுப் பின்னணியை எஃப் 11இலும் 16இலும் எடுத்துப் பாருங்கள். சில பழைய லென்ஸ்களில், சென்சாரில் பட்ட ஒளி பின்கண்ணாடியில் எதிரொளித்து நடுவில் வெளிறிய வட்டமாக விழும். ஃபிலிமில் இது பெரிதாகத் தெரியாததால் அன்று யாரும் கவலைப்படவில்லை. வட்டம் தெரிந்தால் அந்த லென்ஸை எஃப் 8க்குள் வைத்துப் பயன்படுத்துங்கள்.

ஃபோகஸ்

கூர்மையான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கின் வண்ணக்கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது கான்ட்ராஸ்ட் உள்ள விளிம்பைக் காட்டுகிறதே தவிர, பூச்சியின் கண்ணில் ஃபோகஸ் இருக்கிறது என்று சொல்லவில்லை. பெரிதாக்கிப் பாருங்கள். எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே பார்ப்பது மேல், சில லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் தளம் சற்று நகரும். வளையத்தைத் திருப்பித் துழாவுவதும் வேண்டாம். திருப்பினால் உருப்பெருக்கமும் மாறும். வேண்டிய அளவை வளையத்தில் வைத்துவிட்டு உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, கண் கூர்மையாகும் கணத்தில் மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுங்கள்.

ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களை அடுக்கி ஒன்றாக்க நினைத்தால், கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தும் சறுக்குத் தண்டவாளம் தேவை. 1:1, எஃப் 5.6க்கு ஒவ்வொரு நகர்வும் 0.15 முதல் 0.2 மி.மீ. அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் அடுக்கிய படத்தில் கூர்மையும் மங்கலும் பட்டை பட்டையாக வரும்.

வெளிச்சம்

1:1இல் இரண்டு ஸ்டாப் ஒளி குறையும், அதாவது நான்கில் ஒரு பங்காகும். கேமராவின் மீட்டர் அதைத் தானே சேர்த்துக்கொள்ளும், மேனுவல் ஃப்ளாஷ் சேர்த்துக்கொள்ளாது. தொடக்கத்துக்கு ஐஎஸ்ஓ 200, 1/160, எஃப் 8, ஃப்ளாஷ் 1/16 என்று வைத்து அங்கிருந்து ஏற்றி இறக்குங்கள். குறைந்த சக்தியில் ஃப்ளாஷின் மின்னல் மிகக் குறுகியது என்பதால் அசைவை உறைய வைப்பது அதுதான், ஷட்டர் அல்ல. வியூஃபைண்டர் இருண்டுபோனால், எக்ஸ்போஷர் அமைப்பைத் திரையில் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒளியை மென்மையாகப் பரப்பும் டிஃப்யூசரைப் பொருளுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். வண்டின் ஓட்டில் வெள்ளைப் பொட்டு விழாது.

லென்ஸோடு ஒரு பழைய ஃப்ளாஷும் சும்மா கிடைத்தால், கேமராவில் உடனே மாட்டாதீர்கள். சில பழைய ஃப்ளாஷ்களின் காலில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கேமராவின் மின்சுற்று அதோடு முடிந்துவிடலாம். மல்டிமீட்டரில் அளந்து, கேமரா கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

வீட்டு எல்இடி விளக்கில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் பட்டைகள் வரலாம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 பாதுகாப்பானது.

நெகட்டிவ் நகலெடுப்பு

55 மைக்ரோ-நிக்கோருக்கு இன்று மறுவாழ்வு தந்திருப்பது இந்த வேலைதான். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. நெகட்டிவுக்கு பிகே-13 போட்டு 1:1. ஏபிஎஸ்-சியில் அதையே போட்டால் ஓரங்கள் வெட்டுப்படும். அங்கே தேவைப்படுவது 0.65 மடங்கு. லென்ஸின் சொந்த நீட்சியோடு 14 மி.மீ. பிகே-12 போதும். இரண்டிலும் ஃபோகஸ் வளையம் நெருக்கத்தின் பக்கமாகவே இருக்கட்டும். எஃப் 2.8 மாதிரியில் உள்ள நெருக்கத் திருத்த அமைப்பு வளையத்தின் நிலையைப் பொறுத்தே வேலை செய்கிறது. கேமராவும் நெகட்டிவும் இணையாக இருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நட்டநடுவில் தெரிந்தால் சரி.

பராமரிப்பு

பழைய லென்ஸோடு வரும் தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்ப்பது அதுதான். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 60 சதவீதத்துக்கு மேல்தான். ஈரமானியோடு கூடிய காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

இறுகிய ஹெலிகாய்டில் டபிள்யூடி-40 அடிப்பது லென்ஸைக் கொல்வதற்குச் சமம். அது கிரீஸைக் கரைத்து அப்பர்ச்சர் இதழுக்கும் கண்ணாடிக்கும் கொண்டுசேர்க்கும். திறந்தே ஆக வேண்டுமானால் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை ஜப்பானியத் திருகின் தலையை வழுக்கிச் சிதைத்துவிடும். ஹெலிகாய்டில் பல தொடக்கப் புரிகள் உண்டு. கழன்று பிரியும் அந்தப் புள்ளியை இரு பக்கமும் கீறிக் குறித்துக்கொள்ளாமல் பிரித்தால், திரும்பப் பூட்டும்போது வேறு புரியில் ஏறி முடிவிலி ஃபோகஸ் தவறிப்போகும்.