ஏழு எழுத்துல இருந்து 12 எழுத்து வார்த்தைய எப்படிப் பிடிக்கிறது

ஸ்பெல்லிங் பீ மாதிரி இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு ஆடுறவங்களுக்கு இந்த நிலைமை நல்லாத் தெரியும், ஏழு எழுத்து கண்ணு முன்னாடி இருக்கும், நாலு எழுத்து வார்த்தையா பத்து பன்னெண்டு எழுதியாச்சு, அதுக்கு மேல நகரவே நகராது. அப்புறம் ஆன்ஸரப் பார்த்தா எல்லாம் நமக்குத் தெரிஞ்ச வார்த்தையாத்தான் இருக்கும், அதான் வயிறு எரியும். நான் நாலஞ்சு வருஷமா தினமும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் இத ஆடுறேன், எனக்குக் கைகொடுத்த வழிய முழுசா எழுதிடுறேன், யாருக்காவது உதவட்டும்.

தெரியாதவங்களுக்கு ரூல் சுருக்கமா: நியூயார்க் டைம்ஸ் போடுற அந்த கேம்ல ஏழு எழுத்து தருவாங்க, நடுவுல இருக்கிற எழுத்து ஒவ்வொரு வார்த்தையிலயும் கண்டிப்பா வரணும், குறைஞ்சது நாலு எழுத்து இருக்கணும், ஒரே எழுத்த எத்தன தடவ வேணா போடலாம். நாலு எழுத்துக்கு 1 பாயிண்ட்தான், அஞ்சுல இருந்து எழுத்துக்கு ஒரு பாயிண்ட், ஏழு எழுத்தும் வந்துட்டா அதுக்குப் பேர் பான்கிராம், எக்ஸ்ட்ரா 7 பாயிண்ட். அப்போ நீளமான வார்த்தை ஒண்ணு பிடிச்சா அது நாலு எழுத்து வார்த்தை பத்து பன்னெண்டுக்குச் சமம்.

ஒரு செட் எடுத்துக்குவோம். ஏ, சி, ஐ, எல், என், ஓ, டி. இங்க டி-னா டேபிள்ல வர்ற டி. நடுவுல ஓ.

மொதல்ல செய்யவேண்டியது எழுத்த ஒண்ணொண்ணா பார்க்கிறத நிறுத்துறது. இங்கிலீஷ் நீள வார்த்தை எல்லாம் துண்டு துண்டா ஒட்டினதுதான், இது தமிழ் பேசுற நமக்கு புதுசே இல்ல, "போகவேண்டியிருந்தது"ன்னு ஒரே மூச்சுல எத்தன ஒட்டு போட்டுப் பேசுறோம். அதே கண்ணோட இங்கிலீஷையும் பாருங்க, வால் எது, தலை எது, நடு உடம்பு எது. எப்பவும் வால்ல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா வால் கொஞ்சம்தான் இருக்கு, மனப்பாடம் பண்ணிடலாம், நடு உடம்பு ஆயிரக்கணக்குல இருக்கு.

இந்த செட்ல டி, ஐ, ஓ, என் நாலும் இருக்கு. பார்த்ததும் வாய்விட்டு "ஷன்"னு சொல்லணும். இதுதான் நம்ம ஆளுங்க தவறவிடுற இடம்னு நான் நினைக்கிறேன், நாம இங்கிலீஷ காதால சேர்த்து வெச்சிருக்கோம், லொக்கேஷன்னு சொல்லும்போது அதுல டி சத்தமே கிடையாது, அதனால டி எழுத்தப் பார்க்கிறப்போ மூளைக்கு லொக்கேஷன் ஞாபகமே வராது, டாக், டாப், டின்னுதான் ஓடும். அதனால வால எழுத்தா இல்லாம சத்தமா மாத்தி வெச்சுக்கணும். டி ஐ ஓ என்-னா ஷன், முன்னாடி ஏ போட்டா ஏஷன், ஐ போட்டா இஷன்.

இப்போ பேப்பர்ல ஒரு ஓரமா ஏஷன்னு எழுதிட்டு முன்னாடி இடத்த காலியா விடுங்க. அந்த இடத்த நிரப்ப ரெண்டு வழி. ஒண்ணு, கடைசில "ஏட்"னு முடியற வினைச்சொல்ல யோசிக்கிறது. லொக்கேட், அலொக்கேட், அனோட்டேட். இதுலெல்லாம் கடைசில ஈ இருக்கு, நம்ம செட்ல ஈ இல்ல, அதனால அந்த வார்த்தைய நேரா போட முடியாது, ஆனா ஈய எடுத்துட்டு ஐ ஓ என் ஒட்டினா லொக்கேஷன், அலொக்கேஷன், அனோட்டேஷன் ரெடி. செட்ல இல்லாத எழுத்து உள்ள வார்த்தை வழியா போய் செட்டுக்குள்ள வந்து சேர்றது, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, ரொம்பப் பேர் ஈ இல்லைன்னதும் அந்தப் பக்கமே போறதில்ல.

ரெண்டாவது, துறை துறையா போறது. அரசியல் செய்தில கூட்டணி ஆட்சிக்கு என்ன சொல்வாங்க, கோயலிஷன், 9 எழுத்து, ஏழும் உள்ள இருக்கு, அதோட பின்பாதிய மறைச்சுப் பார்த்தா நிலக்கரி, கோல், அதுக்குப் பின்னாடி இஷன். பட்ஜெட்னா நிதி ஒதுக்கீடு, அலொக்கேஷன், 10. ஆஸ்பத்திரில தாய்ப்பால் பத்தி பேசினா லாக்டேஷன், 9. ஸ்கூல் கெமிஸ்ட்ரில ரோஸ்டிங்கோட ஜோடியா வர்ற கால்சினேஷன், அதான் சுண்ணாம்புக்கல்ல சூளைல போட்டு சுண்ணாம்பு ஆக்குறது, 11. மொழியியல்ல சேர்ந்தே வர்ற சொற்களுக்கு கொலொக்கேஷன், அதுவும் 11. தொழிலாளர் பிரச்சனைல சமரசம் பேசுறதுக்கு கன்சிலியேஷன், 12 எழுத்து, 12 பாயிண்டும் பான்கிராம் 7-ம் சேர்த்து 19. இத்தனையும் அதே ஏழு எழுத்து. கேம்ல ரொம்ப அரிதான வார்த்தைய சில நேரம் ஏத்துக்கமாட்டாங்க, அதுக்கு மனசு உடையவேண்டாம், வார்த்தை தப்பில்ல.

இதுல இன்னொன்னு கவனிச்சிருப்பீங்க, அலொக்கேஷன்ல எல் ரெண்டு தடவ, கன்சிலியேஷன்ல ஐ மூணு தடவ வருது. ஏழு எழுத்துதான் இருக்குன்னு பார்க்கிறதால நம்மள அறியாம ஒவ்வொண்ணையும் ஒரு தடவையோட நிறுத்திக்குவோம். இரட்டிக்கிற எழுத்தா எல், என், டி, எஸ், ஓ, ஈ இருந்தா அத ரெண்டா எழுதிப் பாருங்க.

வால மாத்தியும் பாருங்க, ஷனுக்குப் பின்னாடி ஏ எல் ஒட்டினா நேஷனல், நோஷனல். டாக்டிகல்னு 8 எழுத்துல ஒண்ணு அழகா வரும், எல்லா எழுத்தும் செட்ல இருக்கு ஆனா ஓ இல்ல, போட்டா தள்ளிடும், நடு எழுத்த மறந்து இப்படி நேரத்த விடாதீங்க.

கஷ்டமான எழுத்து வந்தா அதுக்குத் தனித்தனி வழி. க்யூ வந்தா யூ-வ கூடவே வெச்சுப் பாருங்க, வால்ல "ஈக்"னு முடியற யூனிக், டெக்னிக், ஆன்டிக் இதெல்லாம் ஐ க்யூ யூ ஈ. ஜே இருந்தா "ஜெக்ட்" குடும்பம், ப்ராஜெக்ட், ரிஜெக்ட், இன்ஜெக்ஷன், அப்புறம் கன்ஜங்ஷன். எக்ஸ் இருந்தா தலைல ஈ எக்ஸ். வி இருந்தா கடைசில ஐவ் இல்ல இவிட்டி. ஒய் இருந்தா ரெண்டு பக்கம் யோசிக்கணும், வால்னா லி, இட்டி, லஜி, உடம்புன்னா கிரேக்கத்துல இருந்து வந்த ஹைப்பர், பாலி, சின். ஏ ஈ ஐ ஓ யூ ஒண்ணுமே இல்லாத ரிதம் கூட ஒய்ய வெச்சுத்தான் நிக்குது.

ஈ தரலைன்னா பயப்படவேண்டாம். ஸ்க்ராபிள்ல 100 காய்ல ஈ மட்டும் 12 இருக்கு, அவ்வளவு அடிக்கடி வர்ற எழுத்து அது, ஆனா நீள வார்த்தைக்கு ஈ அவசியமே இல்ல. ஒரு விஷயத்த ஒண்ணுமில்லைன்னு தள்ளுறதுக்கு ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்னு 29 எழுத்துல ஒரு வார்த்தை இருக்கு, அதுல ஒரு ஈ கூட கிடையாது, ஐ மட்டும் 9 தடவ வருது.

ஸ்க்ராபிள் ஆடுறவங்களுக்கு தனியா ஒண்ணு. அங்க கையில இருக்கிற ஏழு காயையும் ஒரே ஆட்டத்துல இறக்கினா 50 பாயிண்ட் எக்ஸ்ட்ரா, ஆனா காய் ஒரு தடவதான், இரட்டிக்க முடியாது. அதுக்கு ரெட்டினா-ங்கிற கண்ணு வார்த்தையோட ஆறு எழுத்தையும் பத்திரமா சேர்த்து வைங்க, ஆர் ஈ டி ஐ என் ஏ. ஏழாவதா ஜி வந்தா கிரானைட், எம் வந்தா மினரெட், எல் வந்தா ரிலையன்ட், சி வந்தா செர்ட்டன், எஸ் வந்தா நாஸ்டியர். இதுல எது வந்தாலும் கதவு திறக்குது.

45 எழுத்து நுரையீரல் நோய் வார்த்தையப் பார்த்து எல்லாரும் மலைப்பாங்க, நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவல்கேனோகோனியோசிஸ். 1935-ல அமெரிக்காவுல நேஷனல் பஸ்லர்ஸ் லீக்னு புதிர்க்காரங்க சங்கத்தோட தலைவர் எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே ஒட்டிச் செஞ்சது. பிரிச்சா ஒண்ணுமே இல்ல, நுரையீரல், அதி, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய், அவ்வளவுதான். ஆனா மொத எழுத்து ஊமை பி, பென்ல வர்ற பி, இங்கயும் காத நம்பினா எழுத்து கைவிட்டுப் போயிடும்.

வார்த்தைக்குப் பதிலா 26 எழுத்தும் வர்ற ஒரு வாக்கியம் செய்யணும்னா வழி தலைகீழ். அங்க வால்ல ஆரம்பிக்கக்கூடாது, கிடைக்காத எழுத்துல ஆரம்பிக்கணும். க்யூ, ஜே, எக்ஸ், இசட், வி, கே ஆறையும் மொதல்ல வார்த்தைக்குள்ள குடியேத்திடுங்க, முடிஞ்சா ஒரே வார்த்தைல ரெண்ட அடைங்க, குவார்ட்ஸ்ல க்யூவும் இசட்டும் சேர்ந்தே இருக்கு. அப்புறம் மீதி எழுத்தால இடைவெளிய அடைச்சா போதும். டைப்பிங் கிளாஸ்ல அடிச்சிருப்பீங்களே அந்த குயிக் பிரவுன் ஃபாக்ஸ் வாக்கியம், அது 35 எழுத்து. அதுல ஜம்ப்ஸ்-னுதான் இருக்கணும், நிறைய பேர் ஜம்ப்ட்-னு அடிக்கிறாங்க, அப்படி அடிச்சா வாக்கியத்துல எஸ் இல்லாமப் போயிடும், 25 எழுத்துதான் மிஞ்சும். பெட்டில அஞ்சு டஜன் மது ஜாடி அடுக்கச் சொல்ற பேக் மை பாக்ஸ் வித் ஃபைவ் டஜன் லிக்கர் ஜக்ஸ் 32-லயே முடிச்சிடுது. நீங்க செய்யறப்போ முடிச்சதும் 26 எழுத்தையும் வரிசையா எழுதி ஒண்ணொண்ணா அடிச்சுப் பாருங்க, கண்ணால பார்த்து சரின்னு விட்டா கண்டிப்பா ஒண்ணு விட்டுப்போகும்.

பழகுறதுக்கு ஒரு செட் தர்றேன். ஏ, ஈ, ஐ, எல், ஆர், டேபிள் டி, வி, நடுவுல வி. ரிலேட்டிவ் 8 எழுத்து, ரிட்ரீவல் 9 எழுத்து, இது ரெண்டும் ஏழையும் தொடுது. இன்னும் ஒண்ணு 12 எழுத்துல இருக்கு, வால் "டிவ்", ஆரம்பம் ஏ, எல் ரெண்டு தடவ வரும், தமிழ் செய்யுள்ல அடிக்கு அடி மோனை விழுதுன்னு சொல்றோமே, அப்படி விழுற வரிய இங்கிலீஷ்ல என்னன்னு சொல்வாங்கன்னு யோசிங்க.